இலங்கைக்குத் தனியாக ஒரு வாரம்: யாழ்ப்பாணத்தில் இறங்கி மலையகம் வழியாகத் திரும்புங்கள்

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருவர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஏழெட்டு நாள் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது அக்கா. பாஸ்போர்ட் எடுத்து வைத்ததோடு சரி, இன்னும் ஒரு முத்திரைகூட விழவில்லை. இலங்கையைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வரலாமா? எவ்வளவு ஆகும்? சிங்களம் தெரியாது. அம்மா பயப்படுகிறார்."

தாராளமாகப் போங்கள். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு, அதுவும் தனியாகப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு, அதைவிடப் பொருத்தமான நாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் "ஒரு சுற்று" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

வரைபடத்தில் பார்த்தால் சின்னத் தீவுதான். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ஆனால் அங்கே பெரும்பாலான சாலைகள் இருவழிச் சாலைகள், மலையில் வளைவுகள், ஊருக்கு ஊர் நிற்கும் பஸ்கள். நம்ம கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் போகிற வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். டூர் கம்பெனிகள் விற்கும் சுற்று கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, யால காடு, தெற்குக் கடற்கரை, காலி என்று ஓடும். ஒவ்வொரு நாளும் பாதிப் பொழுது வண்டிக்குள்ளேயே போய்விடும். இன்னொரு விஷயம், அந்தச் சுற்று மொழி தெரியாதவர்களுக்காகப் போடப்பட்டது. ஜெர்மனியிலிருந்து வருபவர் பார்க்கத்தான் முடியும், படம் எடுத்துக்கொண்டு போவார். உங்களால் பேச முடியும். டீக்கடையில், பஸ்ஸில், தங்கும் வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து பேச முடியும். தனியாகப் போகிறவருக்கு அதுதான் பெரிய பலம். அதனால் தமிழ் பேசும் ஊர்களைக் கோத்து ஒரு கோடு போடுங்கள். வடக்கே யாழ்ப்பாணத்தில் இறங்குங்கள், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகம் வழியாகக் கீழே வாருங்கள், கொழும்பிலிருந்து ஊர் திரும்புங்கள். வந்த வழியே திரும்பிப் போகிற வேலை கிடையாது.

இதற்கு நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இருக்கும் இடம் ரொம்பவும் வசதி. போகும்போது சென்னை, வரும்போது பெங்களூரு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் பலாலி விமான நிலையம் இருக்கிறது. 2019-இல் சர்வதேச நிலையமாக்கினார்கள். சென்னையிலிருந்து சின்ன விமானம் நேராக அங்கே போகிறது. ஏறி உட்கார்ந்து கடலைப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் பஸ் உண்டு, இல்லையென்றால் மொரப்பூரிலோ பொம்மிடியிலோ இரவு ரயில் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவிலேயே விமான நிலையம் போய்விடலாம். திரும்பும்போது கொழும்பிலிருந்து பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு நேரடி விமானம். அங்கிருந்து ஓசூர் வருவது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. எனக்குக் கப்பல் பிடிக்கும். ஆனால் கடல் கொந்தளித்தால் ரத்தாகும், எண்ணி எடுத்த விடுப்பில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

விசாவைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். இந்தியர்களுக்கான கட்டணம், விதிமுறை இரண்டும் அடிக்கடி மாறுகின்றன. அதனால் இலங்கை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். தேடும்போது அதே போலத் தோற்றமளித்து அதிகப் பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு முழுதாக இரண்டு நாளுக்குக் குறையாமல் கொடுங்கள். நல்லூர் பக்கம் குடும்பத்தோடு வாழ்கிறவர்கள் வீட்டிலேயே அறை விடும் இடங்கள் நிறைய உண்டு. தனியாக வரும் பெண்ணுக்கு ஓட்டலைவிட அதுவே நல்லது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும், அப்போது வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். காலையில் இடியப்பமும் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பும் வரும், இல்லையென்றால் புட்டு. களி தின்று வளர்ந்த நமக்கு அங்கே இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. கேழ்வரகை அவர்கள் குரக்கன் என்பார்கள், குரக்கன் புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். மே, ஜூன் மாதங்களில் போனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கும். மாம்பழத்தில் கிருஷ்ணகிரிக்காரர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனாலும் அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஊர் முழுக்கச் சமதரை. சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் போதும். நல்லூர் கந்தசுவாமி கோயில், போர்த்துகீசியர் கட்டி டச்சுக்காரர்கள் விரிவாக்கிய கோட்டை, நூலகம் எல்லாம் சைக்கிள் தூரம்தான். நூலகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1981-இல் அதை எரித்தபோது 95 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின, ஓலைச்சுவடிகளும் அதில் போயின. இப்போது வெள்ளை வெளேரென்று மறுபடி எழுந்து நிற்கிறது. உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், அனுமதிக்கும் நேரத்தில் போய்ப் பார்த்து வாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் என்னை அதிகம் இழுப்பது கோயிலோ கோட்டையோ இல்லை, விவசாயம். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழைத் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி, கடலின் உப்புத் தண்ணீர் மேல் நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் விளைவிக்கிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் வராத நம்ம பக்கத்து நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு மண்ணில் தண்ணீரை இத்தனை கணக்காகக் கையாளுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஏதாவது தோட்ட ஓரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, நாங்களும் மானாவாரி நிலத்துக்காரர்கள்தான் என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அரை நாள் போவதே தெரியாது. கீரிமலைக்கும் போங்கள். கடலை ஒட்டி நன்னீர் ஊற்றுக் கேணி இருக்கிறது, பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. இந்த மண்ணின் தண்ணீர்க் கதையைக் கண்ணால் பார்க்க அதுதான் இடம்.

ஒரு நாளைத் தீவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து குறிகாட்டுவான் துறைக்குப் பஸ் போகிறது. வழி நெடுக இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், நடுவில் சாலை. துறையிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் நயினாதீவு வந்துவிடும். நாகபூசணி அம்மன் கோயிலும் புத்த விகாரையும் ஒரே தீவில் அருகருகே இருக்கின்றன. விடிகாலையிலேயே கிளம்ப முடிந்தால் நெடுந்தீவு இன்னும் நல்லது. படகுப் பயணம் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டு மதில்களைப் பவளக் கற்களை அடுக்கிக் கட்டியிருப்பார்கள், வெட்டவெளியில் குதிரைகள் தம் போக்கில் மேயும். கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் ராத்திரி அங்கேதான்.

போரைப் பற்றி ஒரு வார்த்தை. 2009 மே மாதம் முடிந்த போர் அது. நீங்கள் பேசப்போகும் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் இல்லாமல் போயிருப்பார். நீங்களாகக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இறங்கியதும் அதையே கேட்பது அவர்களுக்கு எத்தனை வலி என்று எனக்கு அங்கே பழக்கமான குடும்பத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள், யோசனை சொல்லாதீர்கள், இங்குள்ள மேடைப் பேச்சைத் திருப்பிச் சொல்லாதீர்கள். ராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம்.

அப்புறம் கண்டி. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 நெடுஞ்சாலையில் பஸ் நேராகப் போகிறது, 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு முழுப் பகல் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று ஜன்னல் ஓரத்தில் நிலம் மாறிக்கொண்டே வரும். பனை குறைந்து, காடு வந்து, மலை எழும். சிகிரியாவை விட மனசில்லை என்றால் தம்புள்ளையில் இறங்கி ஒரு ராத்திரி தங்குங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அந்தப் பாறை உச்சியில் அரண்மனை கட்டினான். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் டாலரில், கணிசமான தொகை. பாஸ்போர்ட்டைக் காட்டி, சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் இருக்கிறதா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் முதல் பயணத்தில் சிகிரியா வேண்டாம், அந்த நாளை மலையகத்துக்குக் கொடுங்கள்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலுக்காக இரண்டு மணி நேரம் இறங்குங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டபோது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுபோனார்கள். மன்னார்க் கரையில் இறக்கி, காடு வழியாக மாத்தளை வரை நடக்க வைத்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் என்று பல சீமைகளிலிருந்து போனார்கள். 1965 வரை நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டம்தான். "எங்க தாத்தாவுக்குச் சேலம் பக்கம்" என்று தேயிலைத் தோட்டத்தில் யாராவது சொன்னால், அது உங்கள் பக்கத்து ஊராகவே இருக்கலாம்.

கண்டியைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை, ஏரி, சாயங்காலக் கடைத்தெரு, ஒரு ராத்திரி. அந்த ஏரியை வெட்டியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வழியில் வந்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள், 1832-இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும்போது தாண்டிப் போகிற வேலூர்தான். முடிந்தால் போவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போங்கள்.

கண்டியிலிருந்து பதுளை பக்கம் போகும் மலை ரயில்தான் இந்தப் பயணத்தின் உச்சம். நாவலப்பிட்டி தாண்டி ஏறத் தொடங்கி, அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று தேயிலைச் சரிவுகளை ஒட்டியே போகும். பட்டிப்பொல நிலையம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அகலப் பாதை ரயில் அந்த உயரத்துக்கு ஏறுகிறது. முன்பதிவு இருக்கைகள் திறந்த உடனே தீர்ந்துவிடும், அதற்காகத் தரகரிடம் மூன்று மடங்கு கொடுக்காதீர்கள். முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டை அன்றைக்கே நிலையத்தில் எடுக்கலாம். சீக்கிரமே போய் நில்லுங்கள். சில மணி நேரம் நிற்க வேண்டியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் தோட்டத்துக் குடும்பங்கள் இருக்கும். கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள், அங்கே அப்படி உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோரும் எல்லவில் இறங்குவார்கள். நீங்கள் அதற்கு முன்பே அப்புத்தளையில் இறங்குங்கள். எல்ல முழுக்க இப்போது காப்பிக் கடையும் விடுதியும்தான். பக்கத்தில் தெமோதரையில் இருக்கும் ஒன்பது வளைவுப் பாலம் அழகுதான், வேண்டுமானால் ஒரு காலை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அப்புத்தளை மலை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் சிறு ஊர். காலையில் அங்கிருந்து தம்பதென்ன தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தோட்டத் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் உங்களோடு வருவார்கள், பஸ் முழுக்கத் தமிழ். கடைசி நிறுத்தத்தில் 1890-இல் தாமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை. அதைச் சுற்றிப் பார்க்கலாம். மேலே லிப்டன் உட்கார்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லும் முகடு, தேயிலைக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் நடை. பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும், வெள்ளெனப் போனால்தான் சமவெளி தெரியும்.

அந்த நடையில் லயங்களைப் பார்ப்பீர்கள். ஒரே கூரை, வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். 1948-இல் இந்த மக்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இவர்களைக் கேட்காமலேயே இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் கண்ணால் பார்த்திராத தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே தங்கியவர்களுக்கு எஞ்சியிருந்த குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 வரை ஆனது. நாள் கூலி ஆயிரம் ரூபாய், அதுவும் இலங்கை ரூபாய், வேண்டும் என்று பல வருஷம் போராடி 2021-இல்தான் பெற்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைத் தூரத்திலிருந்து படம் பிடித்துவிட்டுப் போகாதீர்கள். அக்கா என்று கூப்பிட்டு, எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி, கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் பேசும் தமிழ் நம்ம வீட்டுத் தமிழ் போலவே இருக்கும். யாழ்ப்பாணத்துப் பேச்சு முதல் நாள் பிடிபடாமல் திணறியிருந்தாலும், இங்கே வந்ததும் அப்பாடா என்று இருக்கும்.

அப்புத்தளையிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் பஸ்ஸில் இறங்கிவிடலாம். கொழும்பில் நேரம் இருந்தால் வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையோரம் நடங்கள், போதும். விமானம் நடுராத்திரி, விடிகாலை என்றால் நீர்கொழும்பில் தங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம்.

செலவு, நம்ம பணத்தில்: இரண்டு பக்க விமானமும் சேர்ந்து பதினைந்திலிருந்து இருபதாயிரம் ரூபாய், முன்கூட்டிப் போட்டால். அறை ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு. சாப்பாடு, பஸ், ரயில், ஆட்டோ எல்லாம் நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கும். மொத்தம் நாற்பதிலிருந்து ஐம்பதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், நெருக்கடிக்கு ஐந்தாயிரம் தனியாக. நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் சுமார். 2024 பிப்ரவரியிலிருந்து யூபிஐ அங்கே பல கடைகளில் வேலை செய்கிறது, ஆனால் பஸ்ஸுக்கும் சின்னக் கடைக்கும் ரொக்கம்தான். ஆட்டோவுக்குப் பெரிய ஊர்களில் பிக்மீ செயலி, மற்ற இடங்களில் ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள். பௌர்ணமி அங்கே போயா விடுமுறை, பஸ் ரயில் எல்லாம் நெரியும், அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது அங்கே பெருங்குற்றமாகப் பார்க்கப்படும்.

அம்மாவின் பயம் நியாயமானது. கூட்டமான பஸ்ஸில் பெண்களுக்கு நம்ம ஊரில் இருக்கும் தொல்லை அங்கேயும் உண்டு. ஓட்டுநருக்குப் பின் வரிசையில், முடிந்தால் இன்னொரு பெண் பக்கத்தில் உட்காருங்கள். இருட்டும் முன் அறைக்கு வந்துவிடும்படி நாளைத் திட்டமிடுங்கள். தங்கும் வீட்டுக்காரம்மாவை முதல் நாளே அம்மாவோடு போனில் பேச வையுங்கள், இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டால் பாதிப் பயம் அன்றைக்கே போய்விடும். போலீஸ் 119, சுற்றுலாப் போலீஸ் 1912, ஆம்புலன்ஸ் 1990. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். சிங்களத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பெயர்ப் பலகைகளில் பெரும்பாலும் மூன்று மொழியும் இருக்கும், தமிழ் அங்கே ஆட்சிமொழி. கண்டியிலும் கொழும்பிலும் கொஞ்சம் ஆங்கிலம் போதும்.

எந்த மாதம் விடுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் இந்தக் கோடு முழுக்க நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் நல்லூர்த் திருவிழா இருக்கும், கண்டியின் பெரஹரா ஊர்வலத் திருவிழாவும் வரும். அறைகளை முன்கூட்டிப் போடுங்கள். அட்டன் பக்கம் அப்போது மழை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் யாழ்ப்பாணம் நனைந்துபோய்க் கிடக்கும், மலையில் மண் சரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டு, ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. டிக்கெட் போடும் முன் கண்டிக்கும் அப்புத்தளைக்கும் இடையில் ரயில் எந்த எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று இலங்கை ரயில்வேயின் அறிவிப்பைப் பாருங்கள். ஓடாத பகுதிக்கு நுவரெலியா வழியாகப் பஸ் இருக்கிறதா என்று தங்கும் வீட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.